பவளங்கள் சுருங்கிய சாரல் மாதம்

என் கணவருக்குக் கத்தாரில் மீன்தொட்டிகளைப் பராமரிக்கும் வேலை. போன வருடம் மாசியில் விடுப்பில் வந்தவர், தென்காசி வீட்டு முன்னறையில் நான்கடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தார். கொச்சிக்குப் போய் ஆறு மீன்களும் ஒன்பது மென்பவளங்களும் வாங்கி வந்தார். நகையில் வைக்கிற பவளம் அல்ல இது. பாறையில் ஒட்டிக்கொண்டு, பூ மாதிரி விரிந்து மூடும் உயிர். அவர் கிளம்பிப் போனதும் தொட்டி என் பொறுப்பானது. நான் இலத்தூரில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது எனக்குப் பெரிய வேலையாகத் தோன்றவில்லை.

பகலில் வீட்டில் இருப்பவர் மாமா மட்டும்தான், என் கணவரின் அப்பா. தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பரை முடித்துவிட்டுத் தொட்டி முன்னால் உட்காருவார். மதியம் மீன்களுக்கு இரை போடுவதும் அவர்தான். அது நான் கொடுத்த வேலை.

ஆனியில் சாரல் தொடங்கிய ஒரு வாரத்தில் பவளங்கள் சுருங்கத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு மூன்று. விளக்கு எரிந்த பிறகும் விரியவில்லை. மீன்கள் நன்றாகவே நீந்தின. உப்பு, அமோனியா, நைட்ரேட், தண்ணீரின் சூடு எல்லாம் பார்த்தேன். எதிலும் குறையில்லை. கணவர் வீடியோ காலில் பார்த்துவிட்டு, “தண்ணியில பாதிய மாத்திப் பாரு,” என்றார்.

மாற்றினேன். மூன்று நாள் விரிந்திருந்தன. நான்காம் நாள் மறுபடி சுருங்கின. தோல் போலிருக்கும் பெரிய பவளம் ஓரத்திலிருந்து கரைந்தது.

அந்த நாட்களில் மாமா நண்பர்களோடு தினமும் குற்றாலம் போய்வந்தார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பது சீசனில் அவருக்கு வழக்கம். ஒரு சாயங்காலம் தொட்டியின் மேல்மட்டத்தில் மெல்லிய படலம் மினுங்கியதைப் பார்த்தேன். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

“மாமா, இனி நீங்க இரை போட வேண்டாம். நானே போட்டுக்கிடுதேன்.”

“ஏன் தாயி?”

“உங்க கையில இருக்க எண்ணெயாலதான் இது சாவுதுன்னு நெனைக்கேன்.”

அவர் தம் கையைப் பார்த்தார். “சோப்பு போட்டுக் கழுவிட்டுதான் போடுதேன்,” என்றார். நான் இரை டப்பாவை எடுத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து அவர் முன்னறையில் உட்காரவில்லை. நண்பர்கள் வாசலில் வந்து கூப்பிட்டபோது, கால் வலிக்குது என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டு வாரம் போனது. மேலும் இரண்டு செத்தன. மாணவர்களுக்குச் சொல்லித் தருவதை அப்போதுதான் நானே செய்தேன். ஒரு வாளியில் தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் புதிதாக உப்புக் கலந்த தண்ணீர். ஒரே பவளத்திலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளை வாளிக்கொன்றாகப் போட்டு, ஒரே வெளிச்சத்தில் வைத்தேன். இரண்டாம் நாள் புதுத் தண்ணீரில் இருந்த துண்டு விரிந்தது. மற்றது மூடியே கிடந்தது. மாமாவோ இரண்டு வாரமாகத் தொட்டிப் பக்கமே வரவில்லை. அப்படியானால் தொட்டிக்குள்ளேயே இருக்கிற ஏதோ ஒன்று தண்ணீரைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

மாமாவின் அறைக்குப் போனேன். “மொதல்ல எந்தப் பவளம் சுருங்குச்சுன்னு ஞாபகம் இருக்கா மாமா?”

யோசிக்காமல் சொன்னார். “அலையடிக்கிற மோட்டாருக்கு நேர் கீழ இருந்த பச்சை. மறுநாள் அதுக்குப் பக்கத்துல உள்ளது. அங்கன இருந்துதான் ஒவ்வொண்ணா இடது பக்கமா வந்துச்சு.”

“எங்கிட்ட சொல்லலியே.”

“எம்மேல சந்தேகப்பட்ட பெறவு நான் என்னத்தச் சொல்ல?”

அந்த மோட்டாரைக் கண்ணாடியோடு பிடித்து வைத்திருந்தவை இரண்டு காந்தங்கள், ஒன்று வெளியே, ஒன்று தண்ணீருக்குள். உள்ளே இருந்ததைக் கழற்றிப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறையில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். அழுத்தியதும் விரலில் துரு ஒட்டியது. படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

“அதேதான். துருப்பிடிச்ச காந்தத்துல இருந்து உலோகம் கரைஞ்சிருக்கு. நான் இங்கன இருந்து கொண்டுவந்த பழைய மோட்டார் அது.” தண்ணீர்மேல் மினுங்கிய படலத்தைப் பற்றிக் கேட்டேன். “மேல படலம் எல்லாத் தொட்டியிலயும் வாரதுதான். எண்ணெய் இல்ல,” என்றார்.

மாமா பக்கத்தில்தான் நின்றார். அவர் எதிரிலேயே, “நான் சொன்னது தப்பு மாமா,” என்றேன். “சரி தாயி,” என்றார், அவ்வளவுதான். அதற்குள் சீசன் முடிந்து அருவியில் தண்ணீர் குறைந்துவிட்டது. அந்த வருடம் அவர் மறுபடி குளிக்கப் போகவில்லை.

புது மோட்டார் வந்தது. வடிகட்டியில் கரி போட்டு, பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றினேன். ஒன்பதில் நான்கு பிழைத்தன. செத்தவற்றுக்குப் பதில் வேறு அனுப்பட்டுமா என்று கணவர் கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். பெரிய பவளம் இருந்த பாறை வெறுமையாகத்தான் இருக்கிறது. அதன்மேல் பாசி படர்ந்திருக்கிறது, மீன்கள் வந்து கொத்துகின்றன.