அருங்காட்சியகத்தில் ஒரு தற்செயல்

எங்கள் ஆட்கள் பெண் பார்ப்பதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். இரண்டு குடும்பமும் ஏதாவதொரு பொது இடத்தில் தற்செயலாகச் சந்திக்க வேண்டும். மூன்று வாரம் தொலைபேசியில் பேசி, சாதகம் பார்த்து, சேலையின் நிறம் வரை முடிவு செய்து, அதற்குப் பிறகு தற்செயலாகச் சந்திக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அப்படியொரு சந்திப்பே நடக்கவில்லை என்று இருந்துவிடலாம்.

வழக்கமாக இதற்குக் கோயில்தான். எனக்கு வெள்ளவத்தையில் இரண்டு தடவை கோயிலில் தற்செயல் நடந்து, இரண்டும் "பிறகு சொல்லுறம்" என்பதோடு நின்றுபோனது. பிறகு சொல்லுறம் என்றால் சொல்லமாட்டார்கள் என்று அர்த்தம். அதன்பிறகு எங்கள் மாடிக்குடியிருப்பு லிஃப்டில் என்னைக் கண்டவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு மாடி எண்களைப் படிக்கத் தொடங்கினார்கள்.

மூன்றாவது சம்பந்தம் வந்தபோது அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"கோயில் வேண்டாம். கொட்டாஞ்சேனையில ஒரு மியூசியம் இருக்காம். கிராமத்துச் சாமான் எல்லாம் வைச்சிருக்கினமாம். அங்க ஒரு ஈ காக்காவும் வராது."

சனிக்கிழமை காலை போனோம். மழை வரலாம் என்று அம்மா குடை கொண்டுவந்தார். பதற்றத்தில் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கவும் அது உதவியது.

பழைய வீடொன்றின் மேல்மாடி, இரண்டே அறைகள். வாசல் மேசையில் ஒரு பெண் வருகைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். பேச்சிலேயே மலையகத்துக்காரர் என்று தெரிந்தது. என் சேலையை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

"வாங்க, வாங்க. பொண்ணு பாக்கத்தானே? உள் ரூமுக்குப் போங்க, அங்கதான் ஃபேன் இருக்கு. அவங்க அப்பவே வந்துட்டாங்க."

"இல்லை இல்லை, நாங்கள் சும்மா பாக்க வந்தனாங்கள்" என்றார் அப்பா.

"எல்லாரும் அப்படித்தாங்க ஐயா சொல்லுவாங்க. இந்த மாசம் நீங்க மூணாவது."

வருகைப் புத்தகத்தில் 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. கடைசி வரியில் மாப்பிள்ளையின் அப்பா அழகான கையெழுத்தில் 'தற்செயல்' என்று எழுதியிருந்தார். அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. அதன் கீழே 'நாங்களும்' என்று எழுதினார்.

உள்ளே இரண்டு அப்பாமாரும் ஒரே கலப்பையின் இரண்டு பக்கமும் நின்று ஐந்து நிமிடம் அதையே ஆராய்ந்தார்கள். பிறகு, வாழ்க்கையில் அதற்குமுன் சந்தித்தேயிராத இருவரும் "அட, நீங்களோ!" என்று கை குலுக்கினார்கள்.

மாப்பிள்ளைக்கு ஒருகொடவத்தைப் பக்கம் ஒரு சரக்குக் களஞ்சியசாலையில் வேலை. உயரம், மூக்குக் கண்ணாடி. முதல் இரண்டு பேரும் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்தவர்கள். இவரோ ஓர் அம்மிக்கல்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கூச்சத்தில் அவருடைய காது சிவந்திருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துப்போனது. அதுதான் பயமாகவும் இருந்தது. பிடிக்காதவர்கள் வேண்டாமென்று சொன்னால் அம்மாவுக்காகத்தான் கவலைப்படுவேன், இந்த முறை எனக்காகவே கவலைப்பட வேண்டியிருந்தது.

அப்போது அவருடைய அம்மா பனையோலையில் இழைத்த கூம்பு ஒன்றைக் காட்டினார். அதன் பெயர்ச்சீட்டு மின்விசிறிக் காற்றில் கவிழ்ந்து கிடந்தது.

"பிள்ளைக்கு இது என்னெண்டு தெரியுமோ?"

பிள்ளை பிறந்தது வளர்ந்தது எல்லாம் வெள்ளவத்தையில், நாலாம் மாடியில். விளக்கு மூடி என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன்.

"தொப்பி அம்மா" என்றார் மாப்பிள்ளை. "வயலுக்குப் போகேக்க போடுறது."

"அட கடவுளே! நீத்துப்பெட்டியடா! புட்டு அவிக்கிறது! இவ்வளவு காலமும் புட்டைத் திண்டு வளந்தும் இது தெரியாதோ உனக்கு?"

பரீட்சை முழுவதும் அவர் தலையில் விழுந்தது. நான் சிரித்துவிட்டேன். புன்னகை இல்லை, பெண் பார்க்கும் இடத்தில் ஆகவே ஆகாத சிரிப்பு, வாய்விட்டு. அம்மா என் கையைக் கிள்ளினார். மாப்பிள்ளையின் அம்மாவின் முகம் சுருங்கியது. படியிறங்கும்போது அவர் சொன்னார்: "பிறகு சொல்லுறம்."

"சிரிச்சு எல்லாத்தையும் குழப்பிப்போட்டாய்" என்று அம்மா வெள்ளவத்தை வரும் வரை சொன்னார். அந்தக் கவலையில் குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரம் முழுவதும் தொலைபேசி அடிக்கவில்லை. குடையை எடுக்கப் போக அம்மாவுக்கு வெட்கம். "நான் போறன்" என்றேன். குடைக்காகத்தான் போகிறேன் என்று நானே நம்பிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த மேசைப் பெண் என்னைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"குடையா? அந்தா மூலையில இருக்கு. மொதல்ல புத்தகத்துல எழுதுங்க."

நோக்கம் என்ற கட்டத்தில் 'குடை எடுக்க' என்று எழுதி முடித்த பிறகுதான் மேலே இருந்த வரியைப் பார்த்தேன். வியாழக்கிழமைத் திகதி. மாப்பிள்ளையின் பெயர். நோக்கம்: 'இந்த முறை தற்செயல் இல்லை.'

"தொப்பின்னு சொன்னாரே, அந்தத் தம்பிதான்" என்றார் மேசைப் பெண். "தனியா வந்தாரு. இந்தக் குடையப் பாத்துட்டு, எடுக்க எப்ப வருவாங்கன்னு கேட்டாரு. எனக்கு எப்படித் தெரியும்னேன். திரும்ப வர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு."

'குடை எடுக்க' என்பதை வெட்டினேன். பக்கத்தில் 'நானும்' என்று எழுதி, என் தொலைபேசி எண்ணையும் எழுதினேன்.

"அப்படியே அடுத்து எப்ப வருவீங்கன்னு நேரத்தையும் போடுங்க" என்றார் அவர். போட்டேன்.

பஸ் கொள்ளுப்பிட்டிக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் தடவிப் பார்த்தேன். குடை இன்னும் கொட்டாஞ்சேனையில்தான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.