கையெழுத்து வாங்காத புரூப்

தொண்ணூற்றாறு சதவீதம். போன ஏப்ரலில் கல்லூரி நூலகத்துக் கணினியில் இந்த எண் வந்தபோது மெகருன்னிசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை. அடுத்த மாணவனின் கட்டுரையைத் திறந்தார். தொண்ணூற்று நான்கு. அதற்கடுத்தது தொண்ணூற்றேழு.

எல்லாம் எம்.காம். கடைசி வருடப் பிள்ளைகளின் புராஜெக்ட். கல்லூரி ஒரு மென்பொருள் வாங்கி வைத்திருக்கிறது. கட்டுரையை அதில் ஏற்றினால், வேறெங்காவது பார்த்து எழுதிய வரிகளைச் சிவப்பாக்கி, மொத்தத்தில் எத்தனை சதவீதம் காப்பி என்று சொல்லிவிடும். இருபதைத் தாண்டினால் வைவா என்ற வாய்மொழித் தேர்வு கிடையாது. வைவா இல்லையென்றால் பட்டம் கிடையாது. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏற்றிக் கொடுப்பது மெகருன்னிசாவின் வேலை.

அவர் நூலகப் படிப்பு படித்தவர் அல்ல. திருத்தங்கலில் செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் அச்சகத்தில் பல வருடம் புரூப் பார்த்தவர். ஒருமுறை தினசரிக் காலண்டரில் ராகுகாலமும் எமகண்டமும் இடம் மாறியிருந்ததைப் பிடித்துவிட்டார். "நம்ம மெகருக்குத் தெரியாத ராகுகாலமா!" என்று அண்ணாச்சி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அங்கே ஒரு சட்டம் உண்டு. அச்சுக்கு முந்தைய மாதிரிப் படியான புரூப்பை, வேலை கொடுத்த பார்ட்டி பார்த்து, 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்து இல்லாமல் எதுவும் மெஷினுக்குப் போகாது. அவசரம், தெரிந்தவர், சொந்தக்காரர் என்ற பேச்சே கிடையாது. அந்தக் கையெழுத்துகளை வாங்கி வைப்பதும் மெகருன்னிசாதான்.

கல்லூரியின் வருடக் கையேடு அங்கேதான் அச்சாகும். அதைச் சரிபார்க்க வருவார் வணிகவியல் பேராசிரியர் அய்யாதுரை. மெகருன்னிசா பிழை பிடிக்கும் வேகத்தைப் பார்த்தவர் ஒருநாள் சொன்னார்: "காலண்டர் சீசன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் இங்கன எதுக்குக் கெடக்கீக? எங்க லைப்ரரிக்கு வாங்க. அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிரலாம்."

மகள் நசிமா பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். மெகருன்னிசா போனார். தற்காலிக வேலைதான், வருடா வருடம் ஜூனில் புதுப்பிப்பார்கள். "வர்ற ஜூன்ல நிரந்தரம் பண்ணிருவோம்" என்று அய்யாதுரை சார் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் நசிமாவுக்கு விருதுநகரில் நல்ல பள்ளியாகப் பார்த்துப் பதினொன்றில் சேர்த்திருந்தார்.

பிள்ளைகளுக்கு அவர் அக்கா. வாய்க்குப் பயந்தாலும் அவரிடம்தான் வருவார்கள்.

"அக்கா, என் புராஜெக்ட் மொத்தமும் நானே யோசிச்சது" என்பான் தருண்குமார்.

"அப்புறம் ஏம்லே மொத வரியே செக்கச்செவேல்னு இருக்கு?"

"'குட்டி ஜப்பான் என்று அழைக்கப்படும் சிவகாசி.' அதை எப்படிக்கா மாத்துறது?"

"எல்லாப் பயலும் ஜப்பான்லயே நிக்கிறீக. சிவகாசிக்கு எப்பலே வரப் போறீக?"

கீர்த்திகா வேறு ரகம். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் பொன்னுத்தங்கத்தின் மகள். திருப்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஊருக்கு பஸ் வரும் வரை நூலகத்திலேயே உட்கார்ந்து போனில் பாட்டைச் சத்தமாக வைப்பாள்.

"ஏ கீர்த்தி, இது லைப்ரரியா, இருக்கன்குடித் திருவிழாவா? ஹெட்போனை மாட்டு."

"எலி கடிச்சிருச்சுக்கா."

"அப்போ அந்த எலிகிட்டயே போய்க் கேட்டு வாங்கிட்டு வா."

வருடக்கடைசி வரை ஹெட்போன் வரவில்லை. பாட்டும் நிற்கவில்லை.

அந்த ஏப்ரலுக்கு முந்தைய மார்ச்சில் ஒருநாள் அய்யாதுரை சார் நூலகத்துக்கு வந்தார். கடைசிக் கட்டுரை வரும்வரை காத்திராமல் வரைவையே மென்பொருளில் ஏற்றிப் பார்க்கச் சொன்னார்.

"இதுல டிராப்ட் போட்டுப் பழக்கமில்லையே சார். போடலாமா?"

"உங்க பிரஸ்ல புரூப் எடுக்கிறதில்லையா? அதே கதைதான். போடுங்க. சிவப்பு வந்தா பிள்ளைக திருத்திக்கிடட்டும்."

பக்கத்து நாற்காலியில் கீர்த்திகா இருந்தாள். "அப்ப என்னோடத மொதல்ல போடுங்கக்கா" என்றாள். கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று மெகருன்னிசாவுக்கு ஒரு கணம் தோன்றியது. வேலை வாங்கிக் கொடுத்த மனிதரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா என்று விட்டுவிட்டார். சார் கொடுத்திருந்த கடவுச்சொல்லைப் போட்டு, அவர் கணக்கில்தான் எல்லா வரைவுகளையும் ஏற்றினார். பிள்ளைகள் திருத்தினார்கள்.

சாருக்கும் மெகருன்னிசாவுக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. ஏற்றுகிற எதையும் அந்த மென்பொருள் சேமித்து வைத்துக்கொள்ளும். வேண்டாமென்றால், ஏற்றும் முன்பே திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கும் டிக் குறியை எடுத்துவிடவேண்டும். ஏப்ரலில் கடைசிக் கட்டுரைகளை ஏற்றியபோது அது மார்ச் வரைவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பிள்ளைகள் தங்கள் எழுத்தையே காப்பியடித்ததாகச் சொன்னது.

தீர்வு எளிது. கல்லூரி காரணம் சொல்லி எழுதினால் நிறுவனம் பழைய வரைவுகளை அழித்துவிடும். ஆனால் யார் ஏற்றியது, யார் சொல்லி ஏற்றியது என்று சொல்லவேண்டும். முதல்வர் அறைக்கு எல்லாரையும் கூப்பிட்டார்கள். அய்யாதுரை சார் துறைத் தலைவர் ஆகவிருந்த நேரம் அது.

"பைனலைப் போடத்தான் நான் சொன்னேன்" என்றார் அவர்.

மெகருன்னிசாவுக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்றிருந்தது. "சார், புரூப் மாதிரின்னு நீங்கதான சொன்னீக?"

அவர் முதல்வரைப் பார்த்துப் பேசினார். "பிரஸ் பழக்கத்துல அவுகளா பண்ணிட்டாக சார்."

"கீர்த்திகா பக்கத்துல இருந்தா சார். அவளைக் கேளுங்க."

கீர்த்திகாவை வரச் சொன்னார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் ஹெட்போன் போட்டிருந்தேன் சார். எதுவும் காதுல விழல."

வெளியே வராந்தாவில் மெகருன்னிசா அவளை நிறுத்தினார். "புது ஹெட்போன் வாங்கிட்டியா கீர்த்தி?"

அவள் அழுதாள். "ஜூன் பத்துக்குள்ள திருப்பூர்ல சேரணும்க்கா. வைவா மார்க் சார்தான் போடுவாரு."

கொஞ்ச நேரத்தில் சாரும் வந்தார். குரல் பழைய குரல்தான், கரிசனமான குரல். "மெகரு, நீங்களாத்தான் பண்ணீகன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருங்க. விசாரணைன்னு இழுத்தா ஆகஸ்ட் ஆயிரும். பிள்ளைக வாழ்க்கை. உங்க வேலைய நான் பாத்துக்கிடுதேன்."

எழுதாவிட்டால் வேலைக்காக வாதாடலாம். அதுவரை ஒரு வகுப்பே பட்டமில்லாமல் நிற்கும். தருண்குமார் நிற்பான். கீர்த்திகாவும் நிற்பாள். மெகருன்னிசா எழுதினார். எத்தனையோ பேரிடம் கையெழுத்து வாங்கியவர், தன் பெயரை அதன் அடியில் போட்டார்.

பிரஸ் பழக்கம். அந்தச் சொல் பஸ்ஸிலும் கூடவே வந்தது. அந்தப் பழக்கத்தை மெச்சித்தானே கூட்டிக்கொண்டு போனார்? இப்போது அதையே குற்றமாகச் சொல்கிறாரே! வீட்டில் நசிமா, "நீ செய்யாததுக்கு ஏம்மா எழுதிக் குடுத்த?" என்று கேட்டாள். "செஞ்சேன்டி. சொன்னது அவரு, செஞ்சது நான்" என்றார்.

வரைவுகள் அழிந்தன. கட்டுரைகளை மறுபடி ஏற்றினார்கள். கீர்த்திகாவுக்கு எட்டு சதவீதம் வந்தது. எல்லாரும் தேறினார்கள். திருப்பூர் போகும் வழியில் அவள் "ஸாரிக்கா" என்று செய்தி அனுப்பினாள். மெகருன்னிசா படித்தார். பதில் போடவில்லை.

ஜூனில் வேலையைப் புதுப்பிக்கவில்லை. அய்யாதுரை சாருக்கு மூன்று முறை போன் செய்தார், எடுக்கவில்லை. நான்காவது முறை செய்யவில்லை. திருத்தங்கல் போய் அண்ணாச்சி முன்னால் நின்றார். நசிமாவின் பள்ளிக் கட்டணத்துக்கு அவரிடமே முன்பணம் கேட்டார்.

"அந்த நாற்காலி அங்கனயேதாம்மா கெடக்கு" என்றார் அண்ணாச்சி.

இப்போது மேசையில் இருப்பது கல்லூரியின் இந்த வருடக் கையேடு. வணிகவியல் துறைத் தலைவர் என்ற இடத்தில் அய்யாதுரையின் பெயர் இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை. கையேட்டுக் குழுவுக்கும் அவர்தான் பொறுப்பு. வியாழக்கிழமை காலை அந்த புரூப்பை எடுத்துக்கொண்டு அவரிடம் கையெழுத்து வாங்க மெகருன்னிசா போகிறார்.