ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ நேரம்

லிங்கராஜபுரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் சில்வெஸ்டர் பால்காரரை நம்பமாட்டார், பங்குச் சாமியாரின் கைக்கடிகாரத்தை நம்பமாட்டார், கம்ப்யூட்டரைச் சுத்தமாக நம்பமாட்டார். மெமரி கார்டை ரீடரிலிருந்து கழற்ற அவர் வைத்திருந்த முறை அந்தத் தெருவில் வேறு எவருக்கும் கிடையாது. முதலில் ‘எஜெக்ட்’ அழுத்த வேண்டும். இனி எடுக்கலாம் என்று திரையில் எழுத்து வரும். அதையும் நம்பக்கூடாது. மனசுக்குள் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் முழுசாகச் சொல்லி, ஆமென் வந்த பிறகுதான் கார்டில் கை வைக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு கார்டுகூட அவர் கையில் கெட்டதில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. படங்களைக் காப்பி பண்ணக்கூடாது, கட் பண்ணித்தான் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும். கார்டில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று என்று இரண்டு இருந்தால், ஒன்று எப்படியும் எதிர்ச்சாரி தேசிகன் ஸ்டூடியோவுக்குப் போய்விடும் என்று அவருக்குப் பயம். தேசிகன் பாவம், இவரைக் கண்டால் வணக்கம் சொல்கிற மனுஷன். அந்த வணக்கத்திலேயே ஏதோ இருக்கிறது என்பார் சில்வெஸ்டர்.

எடிட்டிங்குக்கு யூனிஸ் வந்து ஆறு மாதம் ஆகிறது. முதல் நாளே இரண்டு சட்டத்தையும் சொன்னார், சரி அங்கிள் என்று தலையாட்டினாள். ஆனால் கார்டை எடுக்கும்போது அவள் உதடு அசைகிற நேரம் அவருக்கு உதைத்தது. அருள் நிறைந்த மரியே இருபது விநாடியில் முடிந்துவிடும். இவளுக்கு அதற்கு மேலும் போகிறது. மீதி நேரத்தில் என்ன செய்கிறாள்? கண்ணாடி துடைக்கிற சாக்கில் பின்னால் நின்று பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாததால் சந்தேகம் இன்னும் பெரிதானது.

இப்படி இருக்கும்போதுதான் கேரல் அக்காவின் வீட்டுக்காரர் தவறிப்போனார். ஒரே மகன் ஷெர்வின் மஸ்கட்டில் இருக்கிறான், லீவு கிடைக்காமல் வர முடியவில்லை. சாவு வீட்டில் யாரும் போனை நீட்டக்கூடாது என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டதால், கேமரா சில்வெஸ்டருடையது மட்டும்தான். கல்லறையில் அக்கா சில்வெஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, “என் பையன் அவங்கப்பா மொகத்த நீ எடுத்த போட்டோலதான்பா பாக்கணும்” என்றார். நாளைக்குப் பதினொரு மணிக்குப் பென் டிரைவில் வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை கார்டை யூனிஸிடம் கொடுத்துவிட்டு பேக்கரியில் டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது அவள் இன்னும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரை முழுக்கப் பெட்டிக்குள் படுத்திருந்தவரின் முகம். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. சில்வெஸ்டரும் பின்னால் நின்று மனசுக்குள் ஆரம்பித்தார். ஒன்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அவள் கார்டை எடுக்கிற வழியாக இல்லை. ரீடரில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

அவளைத் தள்ளிவிட்டுத் தானே எஜெக்டை அழுத்தினார். கார்டு உபயோகத்தில் இருக்கிறது, இப்போது எடுக்க முடியாது என்று வந்தது.

“யாரும்மா யூஸ் பண்றது? யாருக்கு அனுப்பிட்டு இருக்க?”

“ஐயோ, இருங்க அங்கிள், கட் ஆகினு...”

கார்டை வெடுக்கென்று பிடுங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஜெபம் இல்லாமல்.

பெரிய படத்தை யூனிஸ் மூடினாள். கட் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு பின்னால் ஒளிந்திருந்தது, பாதியில் நின்றிருந்தது. கார்டைத் திரும்பச் சொருகினால், எல்லாவற்றையும் அழித்து ஃபார்மேட் பண்ணட்டுமா என்று கேட்டது. கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தவை வீட்டு வாசலும் மாலைகளும்தான். முகம் இருந்த படங்கள் கார்டோடு போய்விட்டன. சில்வெஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மணி பத்தே முக்கால்.

“ஒரு அருள் நிறைந்த மரியே சொல்ல எவ்ளோ நேரம்மா ஆகும்?” என்றார், பழியைப் போட ஓர் இடம் தேடி.

“எனக்கு அது வராது அங்கிள். நாங்க சிஎஸ்ஐ சர்ச்சு, மாதா ஜெபம் கெடையாது. பரமண்டல ஜெபம் சொல்லுவேன், அது நீளம். இன்னிக்குச் சொன்னது எஜெக்டுக்கு இல்ல, கட் பண்றது பயமா இருந்துச்சி, அதான் முடியற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லினு இருந்தேன்.”

அப்புறம் ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். மேலே ‘சண்டே ஸ்கூல் பாட்டு’ என்று பெயர் இருந்தது. உள்ளே கேரல் அக்காவின் வீட்டுக்காரர், பெட்டியில் வைத்ததிலிருந்து மண் போட்டது வரை, ஒன்று விடாமல். அதற்குக் கீழே ஆறு மாதத்துக் கல்யாணங்களும் ஞானஸ்நானங்களும்.

“கட்டுன்னா பாதியில நின்னா எல்லாம் போயிடும். அதனால மொதல்ல காப்பி எடுத்து வச்சிட்டுதான் கட் பண்ணுவேன்.”

சில்வெஸ்டருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“ஆறு மாசமா என்ன ஏமாத்தினு இருந்தியா?”

இந்தக் கேள்வியை அவர் பால்காரரிடம் கேட்டிருக்கிறார், லேப்காரனிடம் கேட்டிருக்கிறார், கட்டின பெண்டாட்டியிடமும் கேட்டிருக்கிறார். எல்லாரும் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஒருவரையும் அவர் நம்பியதில்லை.

“ஆமா அங்கிள்” என்றாள் யூனிஸ்.

அவளை நம்பினார்.