நாலு படி தெரிந்தது

போன வருஷம் ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே காவிரியில் ஒரு சின்னப் படித்துறை இருக்கிறது. சனிக்கிழமையானால் என் வீட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு ஆற்றில் முங்கியாக வேண்டும். வீட்டில் ஷவர் இருக்கிறதே என்றால், அதெல்லாம் ஒரு குளியலா என்பார். முசிறியில் பிறந்து வளர்ந்த மனுஷன். காவிரியைப் பற்றி அவரிடம் யாரும் வாயைத் திறக்க முடியாது.

அன்று மகளும் கூட வந்தாள். தென்னூரில் கல்லூரி, இரண்டாம் வருஷம். திங்கட்கிழமை புள்ளியியல் பரீட்சை. நான் துணி அலச, அவள் படியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். இவரோ இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டிப் போய், எதிரே இருந்த மணல் திட்டில் எண்ணெய் ஊற ஊற வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"அப்படி என்னடி மந்திரம் அது?" என்றேன்.

"ரேண்டம் வேரியபிள்மா. நாளைக்கு இந்நேரம் இங்க எத்தனை படி தெரியும்? மூணு தெரியலாம், நாலு தெரியலாம், மூணேகால்னு வராது. எண்ணுறது. அது டிஸ்கிரீட். தண்ணி எவ்வளவு உயரம் இருக்கும்? அது நடுவுல எந்த அளவா வேணும்னாலும் இருக்கலாம். அளக்குறது. அது கன்டினுவஸ்."

"எத்தனை, எவ்வளவு! இதுக்கு ஒரு பரீட்சை வேறயா?" என்று நொடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே ஸ்கேலைத் தண்ணீரில் நனைந்த படியின் முகத்தில் செங்குத்தாக வைத்து, தண்ணீரிலிருந்து அந்தப் படியின் மேல் விளிம்புக்கு இன்னும் பதினேழு சென்டிமீட்டர் என்று அளந்து காட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கலாக வந்தது. சருகும் குச்சியும் மிதந்து போயின. எனக்கு என்னவோ போலிருந்தது.

"ஏங்க, கரைக்கு வந்துடுங்க!"

"எத்தனை படி தெரியுது?" என்று அங்கிருந்தே கேட்டார்.

எண்ணினேன். "நாலு!"

"வர்றப்பவும் நாலுதானே? அப்ப ஏறல. முசிறிக்காரனுக்கே ஆத்தைப் பத்திச் சொல்றியா?" துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். சரி, அவருக்குத் தெரியாததா என்று நானும் புடவையைப் பிழிய ஆரம்பித்தேன்.

"அம்மா, ஒம்போதுதான் இருக்கு." மகளின் குரலே மாறியிருந்தது. ஸ்கேலை அவள் மறுபடி வைத்திருந்தாள். "இல்லம்மா... இப்ப எட்டு!"

நிமிர்ந்து பார்க்கிறேன், பத்துப் பேர் உட்காரும் திட்டு இருந்த இடத்தில் அவரைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குத்தான் மணல் மிச்சம். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். துண்டை எடுத்தவர் சுற்றிப் பார்த்தார். அப்படியொரு பயத்தை அந்த முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

இறங்கி நடந்தார். காலடி மணலும் அரித்துப்போக, போகும்போது இடுப்பைத் தொட்ட தண்ணீர் நடுவில் நெஞ்சுக்கு வந்தது. இழுப்பு வேறு. கால் பிடிமானம் போய் ஒருமுறை தலையே மறைந்தது. ஐயோ ரங்கநாதா! பிழிந்து வைத்திருந்த ஈரப் புடவையின் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு மறுமுனையை வீசினேன். எப்படியோ பிடித்துக்கொண்டார். நானும் மகளுமாக இழுத்தோம். எண்ணெய் உடம்பு, கையைப் பிடித்தால் வழுக்கியது. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத்தான் படியில் ஏற்றினோம்.

திரும்பிப் பார்த்தால் திட்டைக் காணோம், அங்கே ஆறுதான் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இவர் விரலை நீட்டி, உதட்டை அசைத்துப் படிகளை எண்ணினார். நானும் எண்ணினேன்.

அப்போதும் நாலு.

நாலாவது படியின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே தண்ணீர் நின்றது. இவர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் ஓவென்று அழுதாள்.

இப்போது ஷவரில்தான் குளிக்கிறார், கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. அன்று நான் சொன்ன "நாலு" பொய்யே இல்லை. அந்தச் சரியான பதிலை நம்பி என் புருஷனை ஆற்றில் விட்டுவிட்டுப் புடவை பிழிந்துகொண்டிருந்தேனே என்று இன்றைக்கும் துணி பிழியும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.