ஜாக்கிக்குக் கீழே பலகை வைக்காத லாபிர் காக்கா

லாபிர் காக்கா மௌத்தாகிவிட்டார். காருக்குக் கீழே நசுங்கி.

காலையில் எஞ்சின் ஒயில் மாற்றப் படுத்தவர்... எங்கள் வீட்டு வளவு முழுக்கக் கடற்கரை மணல். ஜாக்கிக்குக் கீழே பலகை போட வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? போடவில்லை. ஜாக்கி மணலுக்குள் இறங்கிச் சரிந்தது. கார் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது.

நானும் அவருடைய மகன் சிபானும் பம்பரைப் பிடித்துத் தூக்கினோம். இழுத்தெடுத்தபோது வாயெல்லாம் இரத்தம். கண் திறந்தபடி. என்னை ஏச வந்தவர் மாதிரி...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காக்கா என்று கூப்பிட்டாலும் கூடப்பிறந்த அண்ணன் இல்லை, அவர் என் சகலன். என் மனைவிக்கு மூத்த ராத்தாவைக் கட்டியவர். எங்கள் கல்முனைக்குடியில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் போய் இருக்க வேண்டும். அதனால் ஒரே வளவில் இரண்டு வீடு. நடுவில் மாமனார் விட்டுப்போன எண்ணூறு சீசீ பழைய கார், இரண்டு மருமகன்களுக்கும் பொதுவாக.

ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே சிபான் என் கையைப் பிடித்தான். "சாச்சா, வாப்பாவப் பொருந்திக்கங்க."

அடக்குவதற்கு முன் அவரால் நோவு பட்டவர்கள் மனதார மன்னித்துப் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கணக்கும் அவரோடு கப்ருக் குழிக்குப் போகும். அது எனக்கும் தெரியும். ஆனால் வாய் வரவில்லை.

முகநூலில் எழுதப்போகிறேன் என்றதும், நல்லது மட்டும் எழுதுங்கள் என்று இரண்டு பேர் மெசேஜ் போட்டிருக்கிறார்கள். நான் பஸார் ஓரத்தில் பாய் விரித்து வியாபாரம் தொடங்கியவன். இல்லாத சாமானை இருக்கிறது என்று விற்றதில்லை. லாபிர் காக்கா அடிக்கிற மனிதர்.

காரையும் அடிப்பார். ஸ்டார்ட் ஆகாவிட்டால் மட்கார்டில் ஸ்பனரால் ஒரு போடு. அந்த நெளிவுகள் இப்போதும் இருக்கின்றன, வந்து பாருங்கள்.

எங்கள் சண்டையெல்லாம் காபரேட்டரில் உள்ள ஒரு சின்ன ஸ்குரூவில். அவர் இழுவை வேண்டும் என்று பெற்றோல் கூட வரத் திருப்புவார். நான் சிக்கனம் பார்த்துக் குறைப்பேன். அவர் கூட்டுவார், நான் குறைப்பேன்... பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் இது உச்சத்துக்குப் போனது.

"நீ பெற்றோல மிச்சம் புடி, எஞ்சின்ட உசிரு போகட்டும்!"

"கியூவில நிண்டு அடிபட்டாத்தான் காக்கா அரும தெரியும்."

"அடிபட்டது நான்டா! நீ ஒண்ட கடைக்குள்ள ஓடிட்டாய்."

ஓம், அது உண்மைதான். கியூவில் இடையில் புகுந்தவனின் மூக்கைத் தலையால் முட்டி உடைத்தவர் அவர்.

அப்புறம் அந்த நாள். என் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். தேத்தண்ணீர் கொடுத்துக் கதைத்துக்கொண்டிருந்தோம். வெளியே கார் இருமி இருமி நின்றது. கையில் ஸ்குரூ டிரைவரோடு உள்ளே வந்தார்.

"இந்த ஸ்குரூவத் தொட்ட கை எது?"

"காக்கா, ஆக்கள் இரிக்காங்க..."

"கை எதுண்டு கேட்டன்!"

ஒரே குத்து. என் முன்பல் தேத்தண்ணீர்த் தட்டில் கோப்பைகளுக்கு நடுவே விழுந்தது. மாப்பிள்ளையின் உம்மா மெதுவாக எழும்பினா. "நாங்க பொறகு சொல்லியனுப்புறம்."

சொல்லியனுப்பவில்லை.

அதோடு நாங்கள் கதைக்கவில்லை. ஆனால் கார் இருவருக்கும் வேண்டுமே! வாயால் ஒரு சொல் இல்லாமல் டியூன் பண்ணினோம். பொனட்டில் ஒரு தட்டு என்றால் ஸ்டார்ட் பண்ணு, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. பல்லைக் கடித்துக்கொண்டு... மிச்சம் இருந்த பல்லை.

மாரி காலத்தில் ஒரு நாள் கார் உயிரே பிடிக்கவில்லை. எயார் பில்டரைக் கழற்றிவிட்டு, காபரேட்டர் வாய்க்குள் போத்தலால் பெற்றோல் ஊற்றச் சைகை காட்டினார். நான் ஊற்ற, அவர் சாவியைத் திருப்பினார். வெடித்தது. நெருப்பு மேலே பாய்ந்து போத்தலைப் பிடித்தது. எறிந்தேன். அதற்குள் இடுப்பில் கட்டியிருந்த சாரன் எரிந்துகொண்டிருந்தது.

பாய்ந்து வந்து நெஞ்சில் உதைத்து என்னை விழுத்தினார். மணலில் போட்டு உருட்டினார். எரிகிற சாரனை வெறுங்கையால் கிழித்தார். ஈரச் சாக்கால் அடி அடியென்று அடித்தார். எனக்கு விலா எலும்பு உடைந்தது, அவருக்கு இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து தொங்கியது.

நெருப்பு அணைந்த பிறகும் கன்னத்தில் ஒன்று போட்டார். "போத்தல ஏன்டா எண்ட பக்கம் எறிஞ்சாய்?"

அவ்வளவு காலத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை அதுதான்.

இன்று மாலைதான் ஆஸ்பத்திரியில் மையித்தை வீட்டுக்குத் தந்தார்கள். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியதும் சிபான் எல்லோர் முன்னாலும் எழும்பி நின்று கேட்டான். "எங்கட வாப்பா ஆருக்கும் நோவு குடுத்திருந்தா, அல்லாவுக்காகப் பொருந்திக்கங்க." எல்லோரும் பொருந்தினோம் என்றார்கள், அந்த மூக்கு உடைந்தவன் உட்பட. பிறகு முழுச் சனமும் என்னைப் பார்த்தது.

"எண்ட பல்லு கிடக்கட்டும் மகன். அண்டைக்கு முறிஞ்சது மகள்ர கலியாணம். அவட பங்க எனக்குத் தர ஏலா. அவக்கிட்டக் கேளு."

சிபான் பெண்கள் இருந்த அறை வாசலுக்குப் போனான். அவன் வாய் திறக்குமுன்னே கதவுக்குப் பின்னால் இருந்து மகளின் குரல்.

"குத்து வாங்கினது நீங்க வாப்பா. என்னைய ஏன் இதுக்குள்ள இழுக்கிறீங்க? சொல்றெண்டா நீங்க சொல்லுங்க. இல்லாட்டி இல்லண்டு சொல்லுங்க."

சிபான் வாசலிலிருந்து என் பக்கம் திரும்பினான்.

மஃரிப் தொழுகைக்கு முன் அடக்க வேண்டும், நேரம் போகிறது என்று யாரோ சொன்னார்கள். மையித்து வைத்த சந்தூக்கைத் தூக்கினோம். முன் கம்பு என் தோளில் ஏறியது. சரியான கனம்.

"பொருந்திட்டன் காக்கா" என்றேன். சத்தம் வெளியே வரவில்லை. பக்கத்தில் கம்பு பிடித்திருந்த சிபான் அழுதுகொண்டு என் வாயையே பார்த்தான்.

கத்திவிட்டேன். "பொருந்திட்டன்! எல்லாத்தையும்!"

போங்க காக்கா. கப்ருக்குள் கேள்வி கேட்க வருகிற வானவர்கள் உங்களிடம் மெதுவாகக் கேட்கட்டும்.