மூன்றாம் பிறைக்கு அடுத்த முகம்

"...பிறை பார்த்த கண்ணு அடுத்தாப்புல நல்ல முகத்தைத்தான் பாக்கணும். நான் அங்கன தள்ளி நிக்கேன்" என்றாள் அத்தை. சாரல் ஓய்ந்த மாலை, தென்காசிப் பள்ளி மைதானத்தில் தொலைநோக்கி வைத்திருந்தார்கள். என் முறை வந்துவிட்டது.

கீழப்பாவூர் வீட்டு மொட்டைமாடியில் மூன்றாம் பிறை கண்டதும் கண்ணை மூடி, அம்மா முகத்தில்தான் திறப்போம். மாமா இறந்தபின், யாரும் சொல்லாமலே அந்த நேரம் அத்தை அடுக்களைக்குள் போய்விடுவாள். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் மேலே கேட்கும்.

தொலைநோக்கிக் குழாய்க்குள் பிறை முழுக்க மேடும் பள்ளமும்.

"அத்தே, நிலா மூஞ்சியெல்லாம் அம்மைத் தழும்பு!"

"சும்மா சொல்லாதட்டி."

கண்ணை மூடிக்கொண்டே திரும்பினேன். "நீங்க முன்னால வராம திறக்க மாட்டேன்."

"பின்னால ஆளுக நிக்காவ, பைத்தியாரி" என்றவள், என் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.