கண்டக்டர் அறுத்த கயிறு

என் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்குவது தான்தான் என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் உண்டு. அது போதாதென்று ஞாயிறு மதியங்களில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒரு ராஜ்ஜியத்தையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் போட்டு அந்தக் கதைக்குள் புகுந்து, இன்னது செய்கிறேன் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். ஆட்டத்தை நடத்துகிறவரை நான் ஒருநாள் மரியாதையாக நடத்துநர் என்று சொல்லப்போக, எல்லோருக்கும் பஸ் ஞாபகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து அத்தான் கண்டக்டர்.

கண்டக்டரின் சட்டங்களில் முக்கியமானது கை. கை மேஜைமேல் இருந்தால் பேசுவது வேஷம். மடியில் இருந்தால் பேசுவது நீங்கள். சண்டை போடுவதானால் கையை மடிக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் போட வேண்டும். கதையில் ஒரு திருடி திட்ட ஆரம்பித்து, ஆட்டம் முடிந்தும் அது வீட்டில் தொடர்ந்து, அத்தான் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வந்த சட்டம் அது.

அக்காதான் அந்தத் திருடி. அவள் கை மேஜைமேல் இருந்ததைவிட மடியில் இருந்த நேரமே அதிகம். கோட்டைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது என்பார் அத்தான். "அதெப்படி? காவல்காரன் வெளியதானே நிக்கிறான்?" என்பாள். அவர் ஏதோ சொல்வார், அவள் மடக்குவாள், கண்டக்டர் சொன்னதே தீர்ப்பு என்று ஆட்டம் நகரும். ஆனால் அத்தான் விடமாட்டார். புதன்கிழமை காலையில் அவள் பல் தேய்க்கும்போது குளியலறை வாசலில் வந்து நின்று, "உள்ள இன்னொரு காவல்காரன் இருக்கான், அவன் போட்ட தாழ்ப்பா" என்பார். அவள் நுரை வாயோடு மறுபடி அதெப்படி என்பாள். அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கும் எனக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். நானும் என் பங்குக்குப் பல் தேய்க்கிறேன். வாசலில் ஒருத்தரும் வந்து நின்றதில்லை.

தெருமுனை மருந்துக்கடைக்காரரை ஆட்டத்துக்குக் கூட்டிவந்தது நான்தான். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்வதையே அவ்வளவு இதமாகச் சொல்வார். எனக்கு அடிக்கடி தலைவலி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு ஞாயிறு, ஆட்டம் தொடங்கும் நேரத்தில், ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று அத்தானுக்கு போன் வந்தது. அவர் ஓடினார். அன்றைக்கு மருந்துக்கடைக்காரர் கதை சொன்னார். கொட்டும் மழையில் தீவட்டி பிடித்துக்கொண்டு படகில் போனோம். அத்தான் கிரீஸ் கையோடு திரும்பியபோது மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றாள் அக்கா.

"எத்தனை தடவை அதெப்படி கேட்ட?"

"கேக்கவே இல்லையே."

அத்தான் கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

அந்த வாரம் அவருக்கு வயிறு எரிந்த எரிச்சலில் சமையலே செய்திருக்கலாம். இருமல் மருந்து வாங்க முனைக் கடையைத் தாண்டி பஸ் ஏறிப் போனார். கண்ணாடி முன்னால் நின்று மெதுவாக, இதமாகப் பேசிப் பார்த்தார். அவரிடம் எதற்கும் தலையாட்டாதவள் இன்னொருத்தர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறாள், அதுதான் அவருக்குச் சுருக்கென்று குத்தியது. புதன்கிழமை குளியலறை வாசல் காலியாக இருந்தது.

மறு ஞாயிறு, கதையில் ஒரு பள்ளத்தாக்கு, குறுக்கே கயிற்றுப் பாலம். மருந்துக்கடைக்காரர் கையை மேஜைமேல் வைத்து, "கையைப் பிடிச்சுக்கோ, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று திருடியிடம் சொன்னார். திருடி பிடித்துக்கொண்டாள். என் வேஷம் சுமைதூக்கி. எனக்கு யாரும் கை நீட்டவில்லை.

"கயிறு அறுந்துடுச்சு" என்றார் அத்தான். பகடையைத் தொடக்கூட இல்லை.

"அதெப்படி?" அக்காவின் இரண்டு கையும் மடிக்குப் போய்விட்டது. "கயிறு ஒரேயடியா அறுந்துடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க? ஒவ்வொரு இழையா போகும், முதல்ல சத்தம் கேக்கும்னு?"

"கண்டக்டர் சொன்னா சொன்னதுதான். போன வாரம் அவர்கிட்ட ஒண்ணும் கேக்கலையே நீ."

அக்கா மேஜையைப் பார்த்தாள். "உங்க கை மேல இருக்கு. இப்ப பேசறது யாரு, கயிறா?"

அத்தான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சற்று நேரம் ஆனது.

"நான்தான்" என்றார்.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர் கதையில ஓட்டை இருந்தா எனக்கென்ன? கேட்டா பாவம், சங்கடப்படுவாரு. உங்ககிட்ட கேட்டாதான் ஒரு வாரம் அதையே நினைச்சுட்டுத் திரிவீங்க. இந்தப் புதன்கிழமை எங்க போனீங்க?"

"என் கதையில ஓட்டை இருந்துச்சா?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

அத்தான் கையை மறுபடி மேஜைமேல் வைத்தார். "ஒரு இழை போச்சு. சத்தம் கேக்குது. உருட்டுங்க." பகடை நல்லபடியாக விழுந்தது. அக்கரை போய்ச் சேரும்வரை இருவரும் கையை விடவில்லை என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடைக்காரரை வழியனுப்ப நான் வாசல்வரை போனேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது என் கை தன்பாட்டில் தொங்கியது, மேஜையில் இல்லை.

"போன வாரம் அவ்வளவு மழையில தீவட்டி எரிஞ்சுதே" என்றேன். "அதெப்படி?"

அவர் நிமிர்ந்து அழகாகச் சிரித்தார். "அட, ஆமா. சரி, எரியலைன்னே வெச்சுக்கலாம்" என்று இதமாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.